புதுப்பிப்பு: மாஞ்சா நூலில் மாட்டிய பருந்து

வியாசர்பாடியில் வேப்பமரத்தில் மாஞ்சா நூலில் (பட்டம் விடப் பயன்படுத்தும், கண்ணாடித்தூள் பூசிய நூல்) தொங்கிய கள்ளப்பருந்தைப் பற்றிப் போன வாரம் எழுதியிருந்தேன். பலர் கேட்டதால் சொல்கிறேன்: உயிரோடு இருக்கிறது, சாப்பிடுகிறது.

தீயணைப்பு வீரர்கள் நூலை இழுக்காமல் இருபக்கமும் கத்தரித்து இறக்கியதுதான் அதைக் காப்பாற்றியது. தோளுக்கும் மணிக்கட்டுக்கும் நடுவே இறக்கையின் முன்விளிம்பில் ஒரு மெல்லிய தோல்மடிப்பு இருக்கும். அதற்குள் ஓடும் தசைநார் அறுந்தால் பறவை இறக்கையைச் சரியாக விரிக்க முடியாது. நூல் தோலைக் கிழித்திருந்தது, நார் தப்பிவிட்டது. புண்ணில் கண்ணாடித்தூள் மின்னியதாம். மருத்துவர் உப்புநீரால் கழுவிக் கழுவி எடுத்த பிறகுதான் தையல் போட்டார்.

சில பறக்கும் சிறகுகள் பாதியில் வெட்டுப்பட்டிருக்கின்றன. வெட்டுப்பட்ட சிறகு வளராது. அது உதிர்ந்து புதிதாக முளைக்க வேண்டும், அதற்கு மாதக்கணக்கில் ஆகலாம்.

"வீட்டில் வைத்துப் பார்த்துக்கொள்ளட்டுமா?" என்று கேட்டவர்களுக்கு: வேண்டாம், வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம், 1972 அதை அனுமதிக்கவில்லை. வனத்துறையிடமே விடுங்கள்.

நைலான் போன்ற செயற்கை இழையாலான மாஞ்சா நூலைத் தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் 2017-லேயே நாடு முழுக்கத் தடை செய்துவிட்டது. ஆனாலும் விற்கிறார்கள், அதுதான் வயிற்றெரிச்சல்! அந்த மரத்தில் மிச்சமிருந்த நூலைத் தெருப்பையன்களே ஏறி அகற்றிவிட்டார்கள். அவர்களுக்கு மனமார்ந்த நன்றி.