இரண்டு கடல், மூன்று ஊருணி: மேசைக்கு ஒரு கற்பனைப் பட்டினம்

மேசையைச் சுற்றி உட்கார்ந்து பகடை உருட்டி ஆடும் கதையாட்டத்துக்கு (டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ், சுருக்கமாக டி அண்ட் டி மாதிரி) ஊர் வரைவது எப்படி என்று ராமநாதபுரம் மாவட்டத்து ஐந்து ஊர்க்காரர்கள் பேசுகிறார்கள். தலைப்பில் இருப்பது பேசுபவரின் ஊர்.

மண்டபம்

கற்பனை நகரம் வரைய உட்கார்ந்தால் பென்சில் முதலில் மதிலுக்குத்தான் போகும். பிறகு அரண்மனை, கோபுரம், கடைவீதி. இடம் மிச்சமிருந்தால் ஓரத்தில் ஒரு துறைமுகம். மூன்றாவது செஷனில் யாராவது ஒரு பிளேயர், "இந்த ஊருக்குத் தண்ணி எங்கேருந்து வருது? அதுல விஷத்தைக் கலந்தா என்ன ஆகும்?" என்று கேட்பார். ஆட்டத்தை நடத்தும் டிஎம் திருதிருவென்று முழிப்பார். கண்ணுக்கெட்டிய தூரம் தண்ணீர், குடிக்க ஒரு குடம் கிடையாது. ராமநாதபுரக் கரையை மாதிரியாக வைத்து வரைபவர் அங்கிருந்துதான் தொடங்க வேண்டும்.

முதலில் அளவு. கட்டம் போட்ட ஏ4 தாளில் ஒரு சென்டிமீட்டருக்கு 90 மீட்டர் வையுங்கள். டி அண்ட் டி ஐந்தாம் பதிப்பில் சாதாரண நடை நிமிடத்துக்கு 300 அடி, ஏறத்தாழ 91 மீட்டர். ஆக ஒரு சென்டிமீட்டர் என்பது ஒரு நிமிட நடை. ஸ்கேலை வைத்தால் நேரம் வந்துவிடும். மணலில் நடந்தால் இரட்டிப்பு. தாள் முழுவதும் 2.7 கிலோமீட்டருக்கு 1.9 கிலோமீட்டர், ஒரு பட்டினத்துக்கு இது தாராளம்.

இனி ஊருணி, அதாவது குடிதண்ணீர்க் குளம். 6,000 பேர் வாழ்கிறார்கள், குடிக்கவும் சமைக்கவும் ஆளுக்கு ஒரு குடம், அதாவது 15 லிட்டர் என்று வையுங்கள். நாளுக்கு 90 கனமீட்டர். 60 மீட்டருக்கு 60 மீட்டர், ஆழம் 2 மீட்டர் என்று வெட்டினால் 7,200 கனமீட்டர் கொள்ளும். 80 நாள் வரும் என்று தோன்றும், வராது. நாளுக்கு 5 மில்லிமீட்டரை வெயில் குடித்தால் 18 கனமீட்டர் அதிலேயே போய்விடும். மிஞ்சுவது 66 நாள். இறைக்காமல் காத்திருக்கும் ஊருணியில் வெயில் குடிப்பதைக் கணக்கில் விட்டுவிட்டாலே, தை முதல் ஆவணி வரை எட்டு மாதம் தாங்க நான்கு ஊருணி வேண்டும். மூன்றை மட்டும் வரையுங்கள், நான்காவது தூர்ந்து கிடக்கட்டும். அதே கணக்கில் தை முதல் தேதியிலிருந்து எண்ணினால் ஆடி நடுவில் மூன்றிலும் தரை தெரியும். கேம்பெய்னை, அதாவது செஷன் செஷனாகத் தொடரும் கதையை, ஆனியில் தொடங்குங்கள், வேறு வில்லன் தேவைப்படாது.

தனுஷ்கோடி மணலில் கையால் பறித்தாலே குடிக்கத் தகுந்த தண்ணீர் ஊறுவதையும் விடாதீர்கள். மழைநீர் உப்புநீரைவிட லேசு, அதனால் மேலாக மிதந்து நிற்கும். பேராசைப்பட்டு ஆழம் தோண்டினால் உப்பு ஏறிவிடும். மேசையில் இதற்கு ஒரு டி6, அதாவது ஆறுமுகப் பகடை, போதும்: ஒவ்வொரு முறை இறைத்த பிறகும் உருட்டு, ஒன்று விழுந்தால் அந்த ஊற்று அடுத்த மழைவரை உப்பு.

பாம்பன்

மண்டபம் அண்ணன் சொன்ன தாளோடு இரண்டு டிரேசிங் பேப்பரும் எடுத்துக்கொள்ளுங்கள். ஒன்று வாடைக்காற்றுக்கு, இன்னொன்று கச்சான் காற்றுக்கு. நம் தீவுக்கு வடக்கே பாக் விரிகுடாப் பக்கம் வடகடல், தெற்கே மன்னார் வளைகுடாப் பக்கம் தென்கடல். வாடை அடிக்கும் மாதங்களில் வடகடல் கொந்தளிக்கும், வள்ளங்கள் தெற்கே ஒதுங்கும். தென்மேற்குக் காற்றான கச்சான் எழும்பியதும் எல்லாம் வடக்கே திரும்பும். கரை மாறினால் ஏலம், டீக்கடை, வலை பின்னுகிற நிழல், கடன் வசூலிக்க வருபவர் உட்காரும் திண்ணை எல்லாம் சேர்ந்தே மாறும்.

அதனால் அடித்தாளில் கோயில், பள்ளிவாசல், தேவாலயம், ஊருணி, பனங்காடு மட்டும். மற்றதெல்லாம் டிரேசிங் பேப்பரில். பிளேயர்கள் கதையில் இரண்டு மாதம் வெளியூர் போய்த் திரும்பினால் மேல்தாளை மாற்றிப் போடுங்கள். அவர்களுக்குப் பழக்கமான சந்தை இருந்த இடத்தில் நாய் படுத்திருக்கும். எதிர்க்கரை 12 சென்டிமீட்டர் தள்ளி இருந்தால், மணல் கணக்கில் 24 நிமிடம். துரத்தல் காட்சிக்கு இதைவிட நல்ல தூரம் கிடைக்காது.

கருவாட்டுக் களத்தை எங்கே போட்டாலும் காற்றுக்கு எதிர்ப்பக்கம் பணக்காரர் வீட்டை வைப்பார்கள். ஆறு மாதம்தான் அந்தச் சுகம். காற்று திரும்பியதும் அதே மாடிக்கு நாற்றம் வரும், களத்தை அப்புறப்படுத்தச் சொல்லி ஆள் அனுப்புவார்கள். அந்த ஆட்கள் யாராக இருக்கலாம் என்று பிளேயர்களுக்குச் சொல்லவே வேண்டாம், அவர்களே கூலி பேச ஆரம்பித்துவிடுவார்கள்.

கீழக்கரை

பட்டினம் என்றால் வருமானம் எது என்று முதல் வரியிலேயே தெரிய வேண்டும். "வணிக நகரம்" என்று எழுதி விட்டுவிடுகிறார்கள். என்ன வணிகம்? இந்தக் கரையில் முத்து, சங்கு, உப்பு, கருவாடு, கருப்பட்டி. ஐந்தில் ஒன்றை எடுத்து அடிவரை போங்கள்.

முத்தை எடுத்தால், பழைய குளிப்பு முறையே பாதி விதிப்புத்தகம். இரண்டு குளியாளிகளுக்கு ஒரு கல். ஒருவர் கயிற்று வளையத்தில் காலை வைத்துக் கல்லோடு இறங்குவார், கல் மேலே போய்விடும். சிப்பியை வலைப்பையில் அள்ளிக் கயிற்றை இழுத்தால் மேலே இருப்பவர் தூக்குவார். பிறகு அடுத்தவர் முறை. ஒரு முழுக்கு ஏறக்குறைய ஒரு நிமிடம். இங்கேதான் விதி இடிக்கும். ஐந்தாம் பதிப்பின்படி உடலுறுதி +3 உள்ளவர் நான்கு நிமிடம் மூச்சடக்கலாம், முத்துக்குளிப்பு பூங்காவில் நடப்பதுபோல் ஆகிவிடும். இந்தப் பட்டினத்துக்கு மட்டும் மாற்றி வையுங்கள்: ஆறு விநாடிச் சுற்றில் பத்துச் சுற்று, அதற்குமேல் போகும் ஒவ்வொரு சுற்றுக்கும், தாங்குகிறாரா என்று பார்க்க ஒரு தடைப் பகடை. இறங்க இரண்டு சுற்று, ஏற இரண்டு சுற்று கழித்தால் கையில் இருப்பது ஆறு. அந்த ஆறு சுற்றில்தான் சிப்பியும் சுறாவும் சண்டையும்.

முத்தைத் தரம் பிரிக்க அந்தக் காலத்தில் பத்துப் பித்தளைச் சல்லடைகள் அடுக்கி வைத்திருந்தார்கள். மேல் சல்லடையில் 20 துளை, அடியில் 1,000. துளை எண்ணிக்கை கூடக் கூடக் கண் சிறுக்கும். 20-இல் தங்கி நிற்பது பெருமுத்து, 1,000-இல் நிற்பது பொடி. பத்துச் சல்லடை, பத்துமுகப் பகடை! புதையல் அட்டவணை தனியாக எழுத வேண்டியதில்லை. டி10 உருட்டி "எட்டாவது சல்லடையில் நிற்குது" என்று சொன்னால், இரண்டே செஷனில் பிளேயர்கள் வியாபாரி மாதிரிப் பேரம் பேசுவார்கள்.

இன்னொரு சரக்கு: கடல்கட்டி. மந்திரத்தால் சுறாவின் வாயைக் கட்டுபவர். இந்தக் கடல் பற்றி மார்க்கோ போலோ எழுதிவைத்த கணக்குப்படி, கிடைத்ததில் அரசனுக்குப் பத்தில் ஒன்று, மந்திரக்காரருக்கு இருபதில் ஒன்று. பொழுது சாய்ந்ததும் கட்டை அவிழ்த்துவிடுவார்களாம். திருட்டுத்தனமாக இரவில் குளிக்க யாருக்கும் துணிச்சல் வராது பாருங்கள். ஒரே வரியில் வரி, காவல், மந்திரம் மூன்றும் வந்துவிட்டது. மந்திரவாதிகள் சங்கம், பத்துப் பக்க வரலாறு என்று எழுதுபவர்கள் இதைப் பார்க்கலாம்.

ஆர்.எஸ்.மங்கலம்

கீழக்கரைக் காக்கா (அண்ணன்) கடலிலேயே நிற்கிறார். கொஞ்சம் உள்ளே வாருங்கள். "நாரை பறக்காத நாற்பத்தெட்டு மடை" என்று எங்கள் கண்மாயைச் சொல்வார்கள்; மடை என்றால் தண்ணீர் திறந்துவிடும் வாய். இந்த எண் பகடைக்கென்றே அமைந்தது: டி6, டி8 இரண்டையும் சேர்த்து உருட்டினால் 48 மடையில் ஒன்று விழும். ஆறு ஊர், ஊருக்கு எட்டு மடை என்று பிரித்துக்கொள்ளுங்கள். கட்சி, கோஷ்டி, ரகசியக் குழு எல்லாம் இதிலேயே வந்துவிடும். நகரத்துக்குச் சோறு இந்த ஊர்களிலிருந்துதான் போகிறது என்பதால் நகரத்து அரசியலும் மடையில் நிற்கும்.

கண்மாயை வரைந்தால் கரை, மடை, கலுங்கு, வரத்துக்கால் நான்கும் இருக்க வேண்டும். கலுங்கு இல்லாமல் வரைவதுதான் வழக்கமான தப்பு. மிச்சத் தண்ணீர் போக வழி இல்லையென்றால் முதல் பெருமழையில் கரை உடையும், அப்படி ஒரு ஊர் நூறு வருஷம் இருந்ததாக எழுத முடியாது. தண்ணீர் திறந்துவிடும் நீர்ப்பாய்ச்சியை முக்கியமான என்பிசியாக, அதாவது டிஎம் நடத்தும் பாத்திரமாக, வையுங்கள். அவர் கையில் வாள் கிடையாது. அவர் ஒரு ராத்திரி கண்ணை மூடினால் எட்டு மடைக்காரன் அழுவான், அடுத்த எட்டு மடைக்காரன் சிரிப்பான்.

ஒரு விஷயம். தெருவைப் பிரிக்கும்போது நிஜச் சாதித்தெருக்களைப் பெயர் மாற்றி அப்படியே இறக்காதீர்கள். மேசையில் உட்கார்ந்திருப்பவர்கள் யார் யார் என்று உங்களுக்குத் தெரியாது, அது ஆட்டமாகவும் இருக்காது. மடை முறை, கரை முறை, கடன் இந்த மூன்றே போதுமான அளவு பகையை உண்டாக்கும்.

தொண்டி

சுருக்கமாக இரண்டு.

பெயர். "எல்டோரியா" மாதிரிப் பெயர்களைப் பிளேயர்கள் அடுத்த வாரமே மறந்துவிடுகிறார்கள். நம் ஜில்லாவில் பெயரே வரைபடம். ஏந்தல் என்றால் சிறிய நீர்நிலை, வலசை என்றால் இடம்பெயர்ந்து வந்து குடியேறியவர்கள், பட்டினம் என்றால் துறை. "உப்பேந்தல்" என்று ஒரு பேட்டைக்குப் பெயர் வைத்தால் அங்கே தண்ணீர் கெட்டுப்போனது என்று தனியாகச் சொல்ல வேண்டாம்.

சந்திப்பு அட்டவணை, அதாவது வழியில் யார் எதிர்ப்படுவார் என்ற பட்டியல். இருபது வரி எழுதாதீர்கள், 2டி6 (இரண்டு ஆறுமுகப் பகடை) போதும், 2 முதல் 12 வரை பதினோரு வரி. 6, 7, 8 மூன்றும் சேர்ந்து 36-இல் 16 முறை விழும், அதில் அன்றாடத்தை வையுங்கள்: குடத்தோடு வரிசை, ஏலச் சத்தம், பனங்கள் இறக்குபவர். 2, 12 இரண்டும் 36-இல் ஒவ்வொரு முறைதான், கடல்பூதத்தை அங்கே வையுங்கள். ஒருமுறை வந்த வரியை அடித்துவிட்டு, அதன் விளைவை அதே எண்ணில் எழுதுங்கள். ஏழில் குடம் வரிசை வந்தால் அடுத்த ஏழில் அந்த வரிசையில் கைகலப்பு.

பாம்பன்

தொடக்கக் காட்சியைப் பற்றி யாரும் சொல்லவில்லை. மதுக்கடையில் தொடங்காதீர்கள், கால்வாயில் தொடங்குங்கள். 1914-இல் திறந்த பழைய பாம்பன் பாலத்தின் நடுப்பகுதி இரண்டு இதழாக விரியும், ஆட்கள் கையாலேயே சுற்றித் திறந்துவந்தார்கள்; இப்போது அது பயன்பாட்டில் இல்லை. 2025-இல் வந்த புதிய பாலத்தில் நடுத்துண்டு அப்படியே செங்குத்தாக மேலே ஏறுகிறது. கற்பனைப் பட்டினத்துக்குப் பழையதுதான் லாயக்கு, ஏனென்றால் அதற்கு ஆள் வேண்டும். ஆள் என்றால் கூலி, சோம்பல், லஞ்சம்.

காட்சி இப்படி: கால்வாய் வாயில் ஏழு படகு நங்கூரம் போட்டு நிற்கின்றன, பிளேயர்கள் ஐந்தாவதில். பாலத்தின் மேல் காற்றுக்கொடி. டி6 உருட்டி 5, 6 விழுந்தால் காற்று அதிகம், பாலம் திறக்காது, நாளை மறுபடி. படகில் குடிதண்ணீர் எத்தனை குடம் என்று முதலிலேயே எழுதிவைத்திருக்க வேண்டும். ஆறு பேருக்கு மூன்று குடம் சரியான அளவு. இரண்டாம் நாள் காலையில் முன்னால் நிற்கும் படகிலிருந்து ஒருவர் குரல் கொடுக்கிறார்: "தம்பி, ஒரு செம்புத் தண்ணி இருக்குமா? முறையை உங்களுக்கு விட்டுத் தர்றோம்."