ஜப்பானிய எண்கள்: பொருள்களை எண்ணுவதற்கு எப்படிப் பழகினீர்கள்?

வணக்கம். ஜப்பானிய மொழித் திறன் தேர்வின் தொடக்க நிலையான என்5-க்காக அம்மொழியைப் படிக்கத் தொடங்கியிருக்கிறேன். இச்சி, நி, சன் (ஒன்று, இரண்டு, மூன்று) என்று தொண்ணூற்றொன்பது வரை சரளமாக வருகிறது; பத்து வரை தெரிந்தால் மீதியைக் கோத்துவிடலாம். நான்குக்கு யொன், ஷி என்று இரண்டு இருப்பதும் பரவாயில்லை. பொருள்களை எண்ணும்போதுதான் திண்டாட்டம்; பொருளின் வகைக்கேற்ப எண்ணோடு சேரும் சொல் மாறுகிறது. பென்சில் போல நீளமானவற்றுக்கு இப்பொன், நிஹொன், சம்பொன். காகிதத்துக்கு இச்சிமாய், நிமாய். ஆட்களுக்கோ ஹித்தோரி, ஃபுத்தாரி, அப்புறம் திடீரென்று சன்னின்! ஹொன் எங்கே பொன் ஆகும் என்பதுதான் பெரிய தலைவலி.

அட்டவணையை மனப்பாடம் செய்வதா, வாக்கியங்களோடு பழகுவதா? கடையில் பொதுவாகப் பொருள்களை எண்ணும் ஹித்தோட்சு, ஃபுத்தாட்சு (ஒன்று, இரண்டு) வரிசையை மட்டும் வைத்துச் சமாளிக்கலாமா? அதுவும் பத்தோடு நின்றுவிடுகிறதே. ஜப்பானில் வசிப்பவர்கள் சொல்லுங்கள். உச்சரிப்போடு பயிற்சி தரும் இலவசச் செயலி இருந்தாலும் தெரிவியுங்கள்.