12 மி.மீ. பள்ளத்தைப் பசையாலேயே நிரப்பலாமாம்!

கரண்டிக்காரன்: இந்த மன்றத்துலயே வேற திரியில ஒரு மேதாவி சொல்லியிருக்கார்: "குளியலறைச் சுவர்ல 12 மி.மீ. பள்ளமா? பூச்சுவேலை எதுக்கு, டைல் பசையைத் தாராளமா அப்பினா மட்டம் வந்துடும்." பசை ஒட்டுறதுக்குய்யா, சுவர் எழுப்புறதுக்கு இல்ல.

சுவர்ப்பல்லி: அந்த மேதாவி நான்தான். கனமா அப்புறதுக்குன்னே பசை விக்குறாங்க. பை மேலயே போட்டிருக்கு, படிக்கத் தெரிஞ்சா படிங்க.

கரண்டிக்காரன்: படிச்சிட்டுத்தான் பேசறேன். சாதாரணப் பசைன்னா 3லேர்ந்து 6 மி.மீ. அதுக்கு மேல போனா காயும்போது சுருங்கி டைலை உள்ள இழுக்கும், விளிம்பு ஒண்ணுக்கொண்ணு ஏறி இறங்கி நிக்கும். சுவர்ல 2 மீட்டர் மட்டக்கோல் வெச்சா கோலுக்கும் சுவருக்கும் நடுவுல சந்து 3 மி.மீ.க்குள்ள இருக்கணும். இல்லையா, மேட்டைக் கொத்து, பள்ளத்துல சிமென்ட் பூசு, தண்ணி தெளிச்சு இறுகவிடு, காயவிடு, நீர்க்காப்பு அடி. டைல் அதுக்கப்புறம்தான்.

மூலமட்டம்: சுவர் மேடுபள்ளமா, இல்ல தூக்கே சரியில்லாம சாய்ஞ்சிருக்கா? ரெண்டும் வேற வேற.

கரண்டிக்காரன்: அது இருக்கட்டும். 12 மி.மீ. கேள்விக்குப் பதில் வரட்டும்.

புதுவீடு: பழைய பெயின்ட் மேலயே பூசலாமா?

கரண்டிக்காரன்: கூடாது. சுரண்டிட்டு, பூச்சு பிடிக்கக் கொத்துப் போடுங்க. குறுக்கே வராதீங்க.

சுவர்ப்பல்லி: நான் சாதாரணப் பசைன்னு எங்க சொன்னேன்?

கரண்டிக்காரன்: முதல்ல வெறும் "பசை", இப்ப "கனப்பசை", நாளைக்கு "நான் சொன்னதே டைல் இல்ல"ம்பீங்க! நீங்க போட்ட படத்தைப் பெருசாக்கிப் பார்த்தேன். டைல் முதுகுல நாலு மூலைக்கு நாலு உருண்டை, நடுவுல ஒண்ணு. மிச்சமெல்லாம் வெத்து. தட்டினா பொள்ளல் சத்தம் கேட்கும். அங்க துண்டு தொங்கவிடுற கம்பி மாட்டத் துளை போடுங்க, டைல் பிளக்கலைன்னா அப்புறம் பேசுவோம்.

சுவர்ப்பல்லி: லேசர் மட்டம் வெச்சு ஒட்டினது அது. தூக்குக்குண்டைத் தொங்கவிட்டுட்டுத் திரியிற ஆளுக்குப் புரியாது.

மூலமட்டம்: தூக்குக்குண்டை ஏன்யா இழுக்கறீங்க? அதுக்கு பேட்டரி தீராது.

கரண்டிக்காரன்: லேசர் கோடு காட்டும், பள்ளத்தை நிரப்பாது. தரைச்சரிவு திரியிலயும் இதே கதைதான். தண்ணி வாசப்பக்கம் ஓடுதுன்னதும் பல்லி ஆளையே காணோம்.

சுவர்ப்பல்லி: அந்தத் திரியைப் பூட்ட வெச்சதே நீங்கதான். மட்டுறுத்துநர் உங்க கூட்டாளி.

புதுவீடு: சுரண்டிட்டேன், சுவர் மாவா உதிருது. என்ன செய்ய?

கரண்டிக்காரன்: உதிர்ற பூச்சைச் செங்கல் வரைக்கும் தட்டி எடுங்க. பல்லி, 12 மி.மீ.க்கு பதில்?

சுவர்ப்பல்லி: மேல சொல்லியாச்சு. கண்ணாடி போட்டுட்டுப் படிங்க.