சோக்குக்கு ஒரு சொல்: வெள்ளி மாலைக்குள்

கொக்குவிலிலிருந்து:
அன்பர்களுக்கு வணக்கம். உயர்தர மாணவர்கள் சனிக்கிழமை ஒலியைப் பெருக்கும் வால்வு விரியலாக்கி ஒன்றைக் கட்டப்போகிறார்கள். மின்வழங்கி பற்றிய குறிப்பு வெள்ளி மாலை அச்சுக்குப் போகவேண்டும். மின்னழுத்தத்தை மாற்றும் நிலைமாற்றி, மின்னோட்டத்தை ஒரே திசையில் விடும் சீராக்கி, மின்னேற்றத்தைச் சேமிக்கும் கொள்ளளவி எல்லாம் பாடநூலிலேயே உண்டு. இரும்பு அகணியைச் சுற்றிய கம்பிச்சுருளான சோக்கில்தான் (choke) பேனை நின்றுவிட்டது. பாடநூல் 'தூண்டி' என்கிறது. ஆனால் இங்கே அது எதைத் தூண்டுகிறது? 50 ஹேர்ட்ஸ் மின்சாரத்தை முழு அலையாகச் சீராக்கியபின் எஞ்சி இரைச்சலாய்க் கேட்கும் 100 ஹேர்ட்ஸ் குற்றலையை, அதாவது மின்னழுத்தத்தின் ஏற்ற இறக்கத்தை, அடக்குகிறது. வேறு சொல் உண்டா?

கஸ்தூரியார் வீதியிலிருந்து:
தம்பி, சொல் கிடக்கட்டும், பொருளைச் சரியாக எழுதுங்கள். சோக்கின் தூண்டுதிறன் 10 ஹென்றி வேண்டும். 60 மில்லியம்பியர் நேரோட்டம் ஓடும்போதும் அந்த 10 ஹென்றி குறையக்கூடாது. அதற்காகத்தான் அகணியில் கடதாசி வைத்து இடைவெளி விடுகிறோம். விடாவிட்டால் இரும்பு காந்தப்புலத்தால் நிரம்பிவிடும், சோக் வெறும் கம்பியாகிவிடும். கம்பியின் தடையையும் பாருங்கள்: 200 ஓம் என்றால் 12 வோல்ற்று அங்கேயே போய்விடும். குழல் விளக்குச் சோக்கை மாட்டிப் பார்ப்பவர்கள் உண்டு. இடைவெளி அதிலும் உண்டு, ஆனால் ஒரு ஹென்றிக்குச் சற்று மேல்தான் வரும். இரைச்சல் முழுதாகப் போகாது. நாற்பது வருடமாக இதற்குச் சோக் என்றுதான் பெயர். கடையில் போய்த் தூண்டி கேட்டால், மீன்பிடிக்கத்தான் என்று பாசையூர்க் கடற்கரைக்கு வழிகாட்டுவார்கள்.

வட்டுக்கோட்டையிலிருந்து:
தூண்டில் வேறு, தூண்டி வேறு. விளக்குத் திரியைத் தூண்டினால் சுடர் எழும். அதே விளக்கைப் படுக்கப்போகும்போது என்ன செய்கிறோம்? நூர்க்கிறோம். ஆகவே குற்றலையை நூர்ப்பது 'நூர்ப்பி'. யாழ்ப்பாணத்துச் சொல், வேறெங்கும் கடன் வாங்கத் தேவையில்லை.

சென்னையிலிருந்து:
ஐயா, இங்கே யாரும் விளக்கை நூர்ப்பதில்லை, அணைக்கிறோம். நூர்ப்பி என்றால் நூற்பாலையில் ஏதோ கருவி என்று நினைப்பார்கள். எங்கள் பாடநூல்களில் 'மின்தூண்டி' இருக்கிறதே.

வட்டுக்கோட்டையிலிருந்து:
மின்தூண்டியா? மின், பின், பன், கன் ஆகிய நான்கும் தொழிற்பெயர்போல உகரம் பெறும் என்பது நன்னூல். 'மின்னுத்தூண்டி' என்றல்லவா வரவேண்டும்?

கொக்குவிலிலிருந்து:
அப்படியானால் மாதாமாதம் வருவது மின்னுக்கட்டணமா, ஐயா?

வட்டுக்கோட்டையிலிருந்து:
ஆம். பட்டியலில் உள்ள பிழை தொகை மட்டுமன்று.

மானிப்பாயிலிருந்து:
எங்கள் ஊரில் தமிழில் மருத்துவம் கற்பித்த கிறீன் வைத்தியரின் இரசாயன நூல் 1875இல் 'கெமிஸ்தம்' என்ற பெயரோடு வந்தது. அந்த வழியில் 'சோக்கு' என்று ஓர் உகரம் சேர்த்தால் முடிந்தது.

கஸ்தூரியார் வீதியிலிருந்து:
சோக்கான யோசனை. பகட்டுக்கும் அதுதானே சொல்!

கொக்குவிலிலிருந்து:
வெள்ளி, பிற்பகல் மூன்று. அச்சகத்திலிருந்து இரண்டுமுறை அழைத்துவிட்டார்கள். பத்திகளில் 'தூண்டி' என்றும், சுற்றுப் படத்தில் 'சோக்' என்றும் போட்டுவிட்டேன். பரீட்சையில் தூண்டி, கடையில் சோக்; இரண்டும் பிள்ளைகளுக்குத் தெரிந்திருக்கட்டும். நூர்ப்பி எனக்குப் பிடித்திருந்தது, ஆனால் துணியவில்லை. ஒரு கணக்கும் சேர்த்தேன்: 100 ஹேர்ட்ஸில் 10 ஹென்றி ஏறத்தாழ 6,280 ஓம் காட்டும், அடுத்து வரும் 47 மைக்ரோபரட் கொள்ளளவி 34 ஓம்தான். குற்றலை சுமார் 180இல் ஒரு பங்காகச் சுருங்கும். ஆளியை நிறுத்திய பின்னும் கொள்ளளவியில் 300 வோல்ற்று நிற்கும் என்பதைத் தடித்த எழுத்தில் போட்டிருக்கிறேன்.

வட்டுக்கோட்டையிலிருந்து:
என் பிரதியில் பேனையால் திருத்திக்கொள்வேன். இன்னொன்று: மேடும் பள்ளமுமாக மின்சாரத்தை அனுப்புவதற்குச் 'சீராக்கி' என்று பெயர் வைத்திருக்கிறீர்கள். உண்மையில் சீராக்குவது உங்கள் சோக் அல்லவா? நாளை விரிவாக எழுதுகிறேன்.