வளர்ற பையன் எடை தூக்கினா வளர்த்தி நின்னுடுமா?

ஈசூன் அம்மா
மகன் உயர்நிலை 2. வயசு 14, உயரம் 156 செ.மீ. யார்கிட்டயோ பழைய டம்பெல் செட் வாங்கிட்டு வந்து ரூம்ல தூக்க ஆரம்பிச்சான். மாமனார் பிடிச்சுக்கிட்டார். வளர்ற பிள்ளை பாரம் தூக்கினா எலும்பு அமுங்கி குட்டையாவே நின்னுடுவானாம். அவரோட தம்பி சின்ன வயசுல ஹார்பர்ல மூட்டை தூக்கினவர், ஆளும் குட்டை, அதான் சாட்சியாம். டம்பெல் இப்போ ஸ்டோர் ரூம்ல பூட்டிக் கிடக்கு, பையன் மூஞ்சைத் தூக்கி வச்சிருக்கான். விஷயம் தெரிஞ்சவங்க சொல்லுங்க.

பழைய சார்ஜன்ட்
பெரியவர் சொல்றதுல தப்பே இல்லை. பளுதூக்குற வீரர்களைப் பாருங்க. நயீம் சுலைமானோலு, துருக்கிக்காரர். 1988, 1992, 1996 மூணு ஒலிம்பிக்லயும் தங்கம். உயரம் 147 செ.மீ. பொடியனா இருக்கும்போதே தூக்க ஆரம்பிச்சவர். இதுக்கு மேல என்ன ஆதாரம் வேணும்?

கம்பித்தம்பி
அண்ணே, ஜார்ஜியாவோட லாஷா தலகாட்ஸேவுக்கும் மூணு ஒலிம்பிக் தங்கம் இருக்கு. அவர் உயரம் 197 செ.மீ. அதுக்கு என்ன சொல்றீங்க? அது எடைப் பிரிவு வச்சு நடக்கிற போட்டி. சின்னப் பிரிவுல குட்டையா இருக்கிறவனுக்குத்தான் லாபம்: கம்பி மேலே போக வேண்டிய தூரம் குறைவு. நயீம் குட்டையா இருந்தது அவருக்கு வசதியாப் போச்சு, அவ்வளவுதான்.

ஜூரோங் மாமா
ஹார்பர்ல மூட்டை தூக்கின அந்தப் பெரியவருக்கு அன்னைக்கு மூணு வேளையும் சோறு கிடைச்சுதான்னு முதல்ல கேளுங்கம்மா.

செங்காங் பிசியோ
மாமா கேட்டது முக்கியமான கேள்வி. 1960களில் ஜப்பானில் கூலி வேலை செய்த பிள்ளைகள் குட்டையாக இருந்ததைச் சொல்லியும் இந்தப் பயம் பரவியது. அரை வயிற்றுச் சாப்பாடும் நாள் முழுக்க உழைப்பும் சேர்ந்திருந்த இடத்தில், பாரத்தை மட்டும் எப்படிக் குற்றம் சொல்வது?

அதற்காகப் பயத்தில் ஒன்றுமே இல்லை என்று தள்ளிவிடவும் முடியாது. கை கால் எலும்புகளின் முனைப் பக்கத்தில் குருத்தெலும்பால் ஆன ஒரு பட்டை இருக்கும். வளர்ச்சித் தட்டு என்போம். பிள்ளைகளின் எக்ஸ்ரேயில் எலும்புக்குக் குறுக்கே கறுப்புக் கோடு போலத் தெரியும். எலும்பு நீள்வது அங்கேதான். பெண் பிள்ளைகளுக்குச் சுமார் 14 முதல் 16 வயதிலும், பையன்களுக்குச் சுமார் 16 முதல் 18 வயதிலும் அது எலும்பாகி மூடிக்கொள்ளும். அதற்கு முன் அங்கே முறிவு ஏற்பட்டுச் சரியாகக் கூடவில்லை என்றால் அந்த எலும்பு குட்டையாகலாம், கோணலாகலாம். 1970, 80களில் இப்படிச் சிலர் காயப்பட்ட விவரங்கள் மருத்துவ இதழ்களில் வந்தன. பெரும்பாலும் தலைக்கு மேல் அளவுக்கு மீறித் தூக்கியதும், முறை தெரியாமல் தூக்கியதும்தான் காரணம்.

முறையாகச் செய்யும் எடைப்பயிற்சி வளர்த்தியைக் குறைப்பதாகத் தெரியவில்லை. அமெரிக்கக் குழந்தை மருத்துவக் கழகம் 2020ல் வெளியிட்ட அறிக்கையும் அதைத்தான் சொல்கிறது.

"அமுங்குவது" உண்மைதான், ஆனால் அது எல்லாருக்கும் தினமும் நடப்பது. முதுகெலும்புகளுக்கு இடையில் உள்ள வட்டுகளில் பகலில் நீர் குறைந்து, சாயங்காலம் 1 செ.மீ. அளவு குட்டையாகிவிடுவோம். படுத்து எழுந்தால் சரியாகிவிடும்.

தெம்பனிஸ்வாசி
பிசியோ அக்கா, அந்த அறிக்கைகள் பேசுறது பக்கத்துல பயிற்சியாளர் நிக்கிற பிள்ளைங்களைப் பத்தி. எடை கொஞ்சம் கொஞ்சமா ஏறும், தப்பாப் பண்ணினா நிறுத்திடுவாங்க. எங்க புளோக் கீழ வந்து பாருங்க. ராத்திரி பத்து மணிக்கு நாலு பசங்க. ஒருத்தன் போன்ல வீடியோ எடுக்கிறான், இன்னொருத்தன் முதுகை வில்லா வளைச்சு தன்னால முடிஞ்ச அதிகபட்ச எடையை இழுக்கிறான், மத்த ரெண்டு பேரும் "இன்னும் இன்னும்"னு கத்துறாங்க. இவங்களுக்கு உங்க அறிக்கை எப்படிப் பொருந்தும்? பெரியவர் சொன்ன காரணம் தப்பா இருக்கலாம். பூட்டினது சரி.

கம்பித்தம்பி
பூட்டினா ஸ்கூல் பேக்ல புத்தகத்தை அடைச்சுத் தூக்குவான். நாங்களும் அதான் பண்ணினோம். ஸ்கூல்ல வைக்கிற நாஃபா உடற்தகுதித் தேர்வுல மேல்வகுப்புப் பசங்களைப் புல்-அப் போடச் சொல்றாங்களே, 50 கிலோ உடம்பைக் கையால மேல இழுக்கிறது எடை இல்லாம வேற என்ன? அதுக்கு எந்த வீட்டுலயும் தடை இல்லை.

பழைய சார்ஜன்ட்
புல்-அப் கம்பி உன் கால்மேல விழாது தம்பி. கேம்ப்புக்கு வரும்போதே முதுகுவலியோட வந்த பசங்களை நான் பாத்திருக்கேன். கேட்டா டெட்லிஃப்ட் போட்டேன்பாங்க, அதான், தரையில கிடக்கிற எடையைக் குனிஞ்சு இடுப்பு வரை தூக்குறது. அப்புறம் அந்தத் தூள் வேற. டப்பா டப்பாவா வாங்கிக் குடிக்கிறாங்க. அதுவாவது வளர்ச்சியைக் கெடுக்குமா இல்லையா?

செங்காங் பிசியோ
புரதத் தூள் வளர்த்தியைக் குறைக்காது. முட்டை, பருப்பு, மீன் ஒழுங்காகச் சாப்பிடும் பையனுக்கு அது தண்டச் செலவு, அவ்வளவே. பயப்பட வேண்டியது தசையை ஏற்றும் ஸ்டீராய்டுக்கு. அதில் பல வகை உடம்புக்குள் போய் ஓரளவு ஈஸ்ட்ரோஜனாக மாறும். வளர்ச்சித் தட்டை மூடச் சொல்லும் ஹார்மோன் அதுதான், ஆண் பிள்ளைகளுக்கும். தட்டு சீக்கிரம் மூடிவிட்டால் பிறகு எந்த மருந்தும் திறக்காது. ஜிம் பக்கம் போகும் பையன் நிஜமாகவே குட்டையாகிவிட வழி உண்டென்றால் இதுதான். இந்த விவாதத்தில் யாருமே இதைத் தொடவில்லை.

தெம்பனிஸ்வாசி, நீங்கள் சொல்லும் பசங்களை நானும் பார்க்கிறேன். சின்னப் பிள்ளைகளுக்கு அதிகம் நடப்பது விரல் நசுங்குவதும் எடை காலில் விழுவதும். அதற்கு வழி பக்கத்தில் ஒரு பெரியவர் நிற்பது. ஈசூன் அம்மா, 10, 15 தடவை நிதானமாகத் தூக்க முடிகிற எடை போதும். அதிகபட்சம் எவ்வளவு முடியும் என்று பார்க்கும் விளையாட்டு வேண்டாம். தனியாக இருக்கும்போது தலைக்கு மேல் கனமாக எதையும் தூக்க வேண்டாம். மூட்டுக்குப் பக்கத்தில் ஒரே இடத்தில் வலி விடாமல் இருந்தால் பலதுறை மருந்தகத்துக்குக் கூட்டிப் போங்கள்.

ஈசூன் அம்மா
நன்றிங்க. இவன் எவ்வளவு வளருவான்னு ஏதாவது கணக்கு உண்டா? அவங்க அப்பா 170, நான் 157.

செங்காங் பிசியோ
பையனுக்கு: இருவர் உயரத்தையும் கூட்டி, 13 சேர்த்து, இரண்டால் வகுங்கள். 170 வரும். அதற்கு மேலோ கீழோ 8 செ.மீ. வரை போகலாம். அவனுடைய சுகாதாரப் புத்தகத்தில் வளர்ச்சிக் கோடுகள் இருக்கும், பழைய அளவுகளைக் குறித்துப் பாருங்கள். கோட்டை விட்டுக் கீழே இறங்கிக்கொண்டே போனால் மருத்துவரிடம் காட்ட வேண்டும், டம்பெல் இருந்தாலும் இல்லாவிட்டாலும். எத்தனை மணிக்குத் தூங்குகிறான்?

ஈசூன் அம்மா
டியூஷன் வீட்டுப்பாடம் முடிய ஒரு மணி ஆயிடும்.

ஜூரோங் மாமா
வளர்ச்சி ஹார்மோன் அதிகமாச் சுரக்கிறது ஆழ்ந்த தூக்கத்துலதான்மா. பூட்டணும்னா டியூஷனைப் பூட்டுங்க.

தெம்பனிஸ்வாசி
மாமாவோட கட்சிதான் நானும். ஆனா பக்கத்துல நிக்கப் போற பெரியவர் யாருன்னு இன்னும் யாரும் சொல்லலை. அப்பா ஷிஃப்ட் வேலை, தாத்தா எதிர்ப்பு.

செங்காங் பிசியோ
பள்ளி உடற்கல்வி ஆசிரியரிடம் முதலில் கேட்கலாம். ஸ்குவாட், புஷ்-அப் வெறும் உடம்போடு ஒழுங்காக வரட்டும், எடை அப்புறம்.

பழைய சார்ஜன்ட்
வாத்தியார் சரின்னு சொன்னா எனக்கும் சரி. டெட்லிஃப்ட் மட்டும் உயர்நிலை 4 முடியட்டும்.

கம்பித்தம்பி
உயர்நிலை 4 என்ன கணக்கு அண்ணே?

பழைய சார்ஜன்ட்
என் கணக்கு.