தொட்டிச் செடியில புது இலை மட்டும் மஞ்சளா வருது, மண்ணை மாத்தணுமா உரம் கூட்டணுமா?

துளிர்இலை கேட்டது:

எல்லாருக்கும் வணக்கம். மாடியில தொட்டியில ரோஜா, செம்பருத்தி, இட்லிப்பூ, தக்காளி வச்சிருக்கேன். செம்மண், கோகோபீட், மண்புழு உரம் மூணும் சம பங்கு கலந்ததுதான் மண். ஆரம்பத்துல நல்லா வந்துச்சு, இப்போ இட்லிப்பூவுலயும் செம்பருத்தியிலயும் புதுசா விடற இலை எல்லாம் வெளிறின மஞ்சளா வருது, நரம்பு மட்டும் பச்சையா தனியா தெரியுது, ஆனா கீழ இருக்கற பழைய இலை நல்ல கரும்பச்சையாத்தான் இருக்கு. 19:19:19 (தழை, மணி, சாம்பல் சத்து மூணும் சம அளவு இருக்கற உரம்) கலந்து ஊத்திட்டுதான் வர்றேன், எப்சம் சால்ட்டும் குடுத்தாச்சு, ஒரு மாற்றமும் இல்ல. பிஎச் (மண்ணு அமிலமா காரமான்னு சொல்ற எண்ணு, 7 நடு, அதுக்குக் கீழ அமிலம், மேல காரம்) பாக்கலாம்னு மண்ணுல குத்தற ரெண்டு கம்பி மீட்டர் வாங்கினேன், அது எந்தத் தொட்டியில குத்தினாலும் 7-ன்னே காட்டுது. ஊத்தறது போர் தண்ணி. மண்ணை மொத்தமா மாத்தணுமா, இல்ல வேற உரம் போடணுமா? பிஎச் சரியா எப்படிப் பாக்கறது? விவரம் தெரிஞ்சவங்க சொல்லுங்க ப்ளீஸ்.

வேர்முடிச்சு:

துளிர், நீங்க சொன்ன அடையாளத்துலயே பாதி பதில் இருக்கு. எந்த இலை முதல்ல மஞ்சளாகுதுன்னு பாக்கறதுதான் முக்கியம். தழைச்சத்து, மெக்னீசியம் எல்லாம் செடிக்குள்ள நகரக்கூடிய சத்து, பத்தலன்னா செடி பழைய இலையில இருந்து எடுத்து புது இலைக்கு அனுப்பிடும், அதனால கீழ் இலைதான் முதல்ல மஞ்சளாகும். இரும்பு அப்படி நகராது, ஒரு இலைக்குப் போனா அங்கயே தங்கிடும், அதனால பத்தாக்குறை வந்தா புதுத் துளிர்லதான் தெரியும், அதுவும் நரம்பு பச்சை நடுவுல மஞ்சள்னு. உங்களுக்கு வந்திருக்கறது இதுதான்னு நினைக்கிறேன். அதனாலதான் எப்சம் சால்ட் வேலை செய்யல, அதுல இருக்கறது மெக்னீசியம்.

செம்மண்ணுல இரும்பு இல்லாம இல்ல, அந்த நிறமே இரும்பாலதான் வருது. ஆனா பிஎச் ஏற ஏற இரும்பு கரையாத வடிவத்துக்குப் போயிடும், மண்ணுல கிடக்கும் வேர் எடுக்க முடியாது. பெரும்பாலான செடிக்கு 6-ல இருந்து 7 வரைக்கும் இருந்தா எல்லாச் சத்தும் ஓரளவு கிடைக்கும், இட்லிப்பூ இன்னும் கொஞ்சம் புளிப்பான மண் கேக்கற செடி, அதனால அதுலதான் முதல்ல காட்டுது. பிஎச் எண்ணு மடக்கை அளவுல போறது, அதாவது 7-ல இருந்து 8-க்குப் போனா அமிலத்தன்மை பத்துல ஒரு பங்கா குறைஞ்சிடுச்சுன்னு அர்த்தம். 7.2-க்கும் 7.9-க்கும் என்ன பெரிய வித்தியாசம்னு யாரும் நினைச்சிடக்கூடாது.

ஒண்ணு மட்டும் பாத்துடுங்க, தொட்டியை லேசா சாய்ச்சு வேர் எப்படி இருக்குன்னு. தண்ணி தேங்கி வேர் கறுத்துப் போயிருந்தாலும் இதே மாதிரி மஞ்சள் வரும், அப்போ பிஎச் எவ்வளவு சரியா இருந்தாலும் பிரயோஜனம் இல்ல. வேர் வெள்ளையா திடமா இருந்தா தாராளமா பிஎச் பக்கம் போங்க. அது வரைக்கும் 19:19:19 நிறுத்தி வைங்க, பத்தாததை விட்டுட்டு மத்ததை ஏத்திக்கிட்டே போனா உப்புதான் சேரும்.

மக்கும்குப்பை:

எனக்கு இதுல கொஞ்சம் மாற்றுக் கருத்து இருக்குங்க. வீட்டுச் செடிக்கு பிஎச், மீட்டர்னு இவ்வளவு தூரம் போகணுமா, நல்லா மக்கின உரம் தாராளமா போட்டா மண்ணு தானே சமப்படுத்திக்கும். நான் தரையில வச்ச செடிக்கு இதுவரைக்கும் எதையும் அளந்து பாத்ததில்ல, எல்லாம் நல்லா இருக்கு.

அளவுகோல்:

மக்கும்குப்பை அண்ணா, தரைக்கு நீங்க சொல்றது ரொம்ப சரி, அங்க மண்ணு ஆழம், வேர் நினைச்ச பக்கம் போகும், மழை வந்து அலசிடும். தொட்டியில இருக்கறது கைப்பிடி மண்ணு, அதுல தினமும் போர் தண்ணி விழுது. அந்தத் தண்ணியில பைகார்பனேட் அதிகமா இருந்தா ஒவ்வொரு தடவை ஊத்தும்போதும் கொஞ்சம் சுண்ணாம்பு போடற மாதிரிதான். மக்கின உரம் கொஞ்ச நாள் தாங்கும், அப்புறம் தண்ணிதான் ஜெயிக்கும்.

துளிர் சிஸ்டர், அந்த ரெண்டு கம்பி மீட்டரை பிஎச்சுக்கு நம்பாதீங்க. ரெண்டு வேற உலோகத்துக்கு நடுவுல ஓடற சின்ன கரண்ட்டை வச்சுத்தான் அது முள்ளை நகர்த்துது, ஈரமும் உப்பும் மாறினா அந்த எண்ணும் மாறும். பேனா மாதிரி வர்ற டிஜிட்டல் மீட்டர் வாங்குங்க, கூடவே பஃபர் பவுடர் வரும், தண்ணியில கரைச்சா பிஎச் இவ்வளவுன்னு தெரிஞ்ச கரைசல் கிடைக்கும், அதுல வச்சுத்தான் மீட்டரை சரிபண்ணணும். 7 பஃபர்ல முதல்ல செட் பண்ணிட்டு அப்புறம் இன்னொண்ணுல பண்ணணும். உங்களுக்கு காரப் பக்கம் சந்தேகம் இருக்கறதால ரெண்டாவதுக்கு 9.18 எடுங்க, 4 பஃபர் அமிலப் பக்கம் அளக்கறவங்களுக்கு. மீட்டர் முனையில இருக்கற கண்ணாடிக் குமிழ் காயக்கூடாது, டிஸ்டில்ட் வாட்டர்லயும் ஊற வைக்கக்கூடாது, பொட்டாசியம் குளோரைடு கரைசல்லதான் வைக்கணும், இல்லன்னா சீக்கிரமே தப்பா காட்ட ஆரம்பிச்சிடும்.

மண்ணை மேலாக்க எடுக்காதீங்க, மேல உப்பு படிஞ்சிருக்கும். வேர் இருக்கற ஆழத்துல ரெண்டு மூணு இடத்துல எடுத்து, நிழல்ல உலர்த்தி, கட்டியை உடைச்சு, ஒரே கப்பால ஒரு பங்கு மண்ணு ரெண்டு பங்கு டிஸ்டில்ட் வாட்டர் சேர்த்து நல்லா கலக்கி அரை மணி நேரம் விட்டுடுங்க. மறுபடி ஒரு கலக்கு கலக்கி, தெளிஞ்சு நிக்கற தண்ணியில மீட்டரை வைங்க, எண்ணு ஆடறது நிக்கற வரைக்கும் காத்திருங்க. மண்ணு தண்ணி விகிதத்தை மாத்தினா ரீடிங்கும் மாறும், அதனால எப்பவும் ஒரே விகிதம். லிட்மஸ் தாள் வேண்டாம், அமிலமா காரமான்னுதான் சொல்லும். மண்ணுல வினிகர் ஊத்தி நுரைக்குதான்னு பாக்கறதும் பிஎச் டெஸ்ட் இல்ல, நுரைச்சா சுண்ணாம்பு இருக்குன்னு தெரியும், அவ்வளவுதான்.

துளிர்இலை:

ரொம்ப நன்றிங்க எல்லாருக்கும். வேர் வெள்ளையா நல்லாத்தான் இருக்கு. அளவுகோல் சார் சொன்னபடியே செஞ்சு பாத்தேன், இட்லிப்பூ தொட்டி 7.9, செம்பருத்தி 7.7, தக்காளி 7.2. போர் தண்ணி 7.6-தான் காட்டுது, அப்போ தண்ணி மேல தப்பு இல்லயோ? தண்ணி புடிக்கற பக்கெட்ல உள்பக்கம் வெள்ளையா படிஞ்சிருக்கு, தேய்ச்சாலும் போக மாட்டேங்குது.

வேர்முடிச்சு:

அந்த வெள்ளைப் படிவுதான் ஆள். தண்ணியோட பிஎச் வேற, அதுல கரைஞ்சிருக்கற பைகார்பனேட் வேற. 8 காட்டற தண்ணியா இருந்தாலும் பைகார்பனேட் குறைவா இருந்தா மண்ணை அசைக்காது, 7.6 காட்டற உங்க தண்ணியில அது அதிகமா இருந்தா மெல்ல மெல்ல மண்ணை மேல தூக்கிடும். டிடிஎஸ் மீட்டர் (தண்ணியில கரைஞ்சிருக்கற மொத்த உப்பைக் காட்டறது), அதுலயும் இது தனியா தெரியாது, தண்ணி டெஸ்ட் குடுக்கும்போது ஆல்கலினிட்டி (பைகார்பனேட் மாதிரி அமிலத்தை முறிக்கறது எவ்வளவு இருக்குங்கற அளவு) பாருங்கன்னு கேட்டு வாங்கணும்.

மண்ணை மாத்த வேண்டாம், மாத்தினாலும் அதே தண்ணிதான் ஊத்தப் போறீங்க. இப்போதைக்கு இரும்பு குடுங்க, ஆனா எந்த இரும்புன்னு பாக்கெட்ல பாருங்க. சாதா ஃபெரஸ் சல்ஃபேட் உங்க மண்ணுல போனதும் கட்டிப்போயிடும். ஈடிடிஏ செலேட் (செலேட்னா இரும்பைப் பிடிச்சு கரைஞ்ச நிலையிலயே வச்சிருக்கற பொருள்) பிஎச் 6.5 தாண்டினா தளர ஆரம்பிச்சிடும். உங்க 7.9-க்குத் தாங்கறது இடிடிஎச்ஏ வகைதான், தண்ணியில போட்டா ஒயின் கலர்ல கருஞ்சிவப்பா கரையும். பாக்கெட்ல போட்டிருக்கற அளவைத் தாண்டாதீங்க. ஏற்கனவே மஞ்சளான இலை முழுசா திரும்பலன்னாலும் கவலைப்படாதீங்க, அடுத்து விடற துளிர் பச்சையா வருதான்னு மட்டும் பாருங்க.

அளவுகோல்:

அதோட இட்லிப்பூவுக்கும் செம்பருத்திக்கும் மட்டுமாவது மழைத்தண்ணி பிடிச்சு ஊத்துங்க, தக்காளிக்கு இப்போ அவசரம் இல்ல. நிரந்தரமா பிஎச் இறக்கணும்னா கந்தகத் தூள், ஆனா அதை மண்ணுல இருக்கற பாக்டீரியா அமிலமா மாத்தினாத்தான் வேலை செய்யும், அதுக்கு ஈரமும் சூடும் வேணும், வாரக்கணக்கு மாசக்கணக்கு ஆகும். வேலை செய்யலன்னு மறுபடி மறுபடி போட்டுடாதீங்க, கடைசியில மொத்தமா கீழ இறங்கிடும். சாம்பல், முட்டை ஓட்டுத் தூள் ரெண்டையும் இந்தத் தொட்டிங்க பக்கமே கொண்டு போகாதீங்க, ரெண்டும் பிஎச்சை ஏத்தற சாமான்.

மக்கும்குப்பை:

தொட்டி விஷயம் புரிஞ்சுது தம்பி, என் மாடித் தொட்டிக்கும் ஒரு தடவை பாத்துடறேன். 9.18 பஃபர் கரைசலை எத்தனை நாள் வச்சுக்கலாம்?

அளவுகோல்:

நல்லா மூடி வச்சா சில வாரம் போகும் அண்ணா, காத்துல இருக்கற கார்பன் டை ஆக்சைடை இழுத்துக்கிட்டு அது கீழ இறங்கிக்கிட்டே வரும், 7-ஐ விட 9.18 சீக்கிரம் கெடும். மீட்டரை நேரா பாட்டில்ல விடாம சின்ன மூடியில ஊத்தி யூஸ் பண்ணிட்டு கீழ கொட்டிடுங்க, திரும்ப பாட்டில்ல ஊத்தாதீங்க.