முதியோர் இல்லத்திற்கு நிதி கோரும் மடல்: ஊரில் குடியிருப்பவரின் பதில்

சங்க உறுப்பினர்கள் அனைவருக்கும் வணக்கம்.

நம் ஊரில் முதியோர் இல்லம் கட்ட 40 லட்சம் ரூபாய் திரட்டலாம் என்று செயலாளர் அனுப்பிய மடலையும், அதையொட்டி நடந்துவரும் விவாதத்தையும் முழுவதும் படித்தேன். ஊரில் இருப்பவர்கள் யாரும் வாய் திறக்கவில்லையே என்று துபாய் மாப்பிள்ளை குறைபட்டிருந்தார். மஸ்கட்டிலிருந்து திரும்பி வந்து இங்கேயே குடியேறிவிட்ட நாங்கள்தான் இந்தக் குழுவில் அந்தக் கணக்கில் வருவோம் என்பதால் எழுதுகிறேன். சற்று நீண்டுவிட்டால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

முதலில், இத்தனை பேச்சுக்கும் காரணமான செய்தியைப் பார்ப்போம். மேலத்தெருப் பெரியம்மாவைப் பார்க்கப் போன ஷார்ஜா தம்பி, பகல் 11 மணிக்கு முன்கதவும் பின்கதவும் தாழிட்டுக் கிடந்ததாகவும், வெகுநேரம் தட்டிய பிறகே பெரியம்மா வந்து திறந்ததாகவும், ஒரு வேளை மட்டுமே அவர் அடுப்பு மூட்டுவதாகவும் எழுதியிருந்தார். தம்பி எழுதியதில் பொய் எதுவும் இல்லை. ஆனால் பெரியம்மா கதவைத் தாழிடுவது குரங்குகளுக்காக. மலையடிவாரத்திலிருந்து வரும் கூட்டம் இப்போது தெருவிலேயே தங்கிவிட்டது. திறந்த கதவைக் கண்டால் அடுக்களை வரை சென்று டப்பா மூடியைத் திருகித் திறக்கும் அளவுக்குத் தேர்ந்துவிட்டது. சமையலைப் பொறுத்தவரை, காலையில் களி கிண்டி ஒரு குழம்பு வைத்து அதையே மூன்று வேளையும் வைத்துக்கொள்வது பெரியப்பா காலத்திலிருந்து அந்த வீட்டு வழக்கம். தட்டியதும் திறக்காததற்குக் காரணம் காது. மகன் வாங்கி அனுப்பிய காது மெஷினைப் போட்டால் தெருவில் பேசுவதெல்லாம் கேட்கிறது என்று கழற்றி வைத்துவிட்டார்.

இதனால் கவலைப்பட ஒன்றுமே இல்லை என்று நான் சொல்லவில்லை. கவலைப்பட வேண்டியது பகல் 11 மணியைப் பற்றியல்ல, இரவு 11 மணிக்கு மேல் நடப்பதைப் பற்றி என்பதே நான் சொல்ல வந்தது. போன ஐப்பசி மழையில் பெரியம்மா கொல்லைப்புறத்தில் வழுக்கி விழுந்ததை இங்கே யாரும் எழுதவில்லை. 108 வண்டி வந்தது, அதில் குறையில்லை. வண்டியில் உடன் ஏறிப் போக ஒரு ஆள் வேண்டுமே என்று தெருவைத் திரும்பிப் பார்த்தபோது, விளக்கு எரிந்த வீடுகளில் எல்லாம் பெரியம்மாவின் வயதை ஒட்டியவர்களே நின்றுகொண்டிருந்தார்கள். என் கணவருக்கு அப்போது கண் அறுவைச் சிகிச்சை முடிந்து மருந்துக்கட்டு இருந்தது. நான் போனேன். திரும்பி வரும் வரை அவர் தனியாக இருந்தார்.

ஊர் எவ்வளவு அமைதியாகிவிட்டது என்று விடுமுறையில் வரும் எல்லோரும் மகிழ்ந்து எழுதுகிறீர்கள். நமக்கு நினைவு தெரிந்த நாளில் கடலூர் மெயின் ரோடு ஊரின் நடுவே சென்றது. சேலத்திற்கும் ஆத்தூருக்கும் போகும் பேருந்துகள் எல்லாம் டீக்கடை வாசலில் நின்றன. இரவு 2 மணிக்கும் ஒரு வடைச் சட்டி கொதித்துக்கொண்டிருந்தது. சேலம் – உளுந்தூர்ப்பேட்டை நான்குவழிச் சாலை வந்து, புளியமரங்கள் விழுந்து, புறவழிச்சாலை திறந்த பிறகு விரைவுப் பேருந்துகள் ஊரை எட்டிப் பார்ப்பதில்லை. டவுன் பஸ் உண்டு. 2021-இலிருந்து பெண்களுக்குக் கட்டணம் இல்லாததால் காலையில் அது நிரம்பி வழிகிறது. இரவு ஒன்பதரைக்குப் பிறகு அதுவும் இல்லை. விருத்தாசலம் பாதையில் ரயில் போகும் சத்தம் இப்போது தெற்குத்தெரு வரை தெளிவாகக் கேட்கிறது. அந்தக் காலத்தில் அது ஊருக்குள் கேட்டதாக எனக்கு நினைவே இல்லை.

இங்கே வாழ்வது துன்பம் என்று யாரும் எடுத்துக்கொள்ள வேண்டாம். விடியும் முன்பே பால் சங்கத்தில் கேன்கள் உருள்கின்றன. பாக்குச் சீசனில் திண்ணைக்குத் திண்ணை பெண்கள் அரிவாள்மணையை வைத்து உட்கார்ந்து பாக்கு உரிக்கிறார்கள். அளந்து கூலி என்பதால் கை ஓயாது, அதற்கு ஈடாக வாயும் ஓயாது. பாக்குக் கறை ஏறிக் கறுத்த அந்த விரல்களோடு அவர்கள் தாலுகா முழுவதையும் அலசிக் காயப்போடுவதைக் கேட்டுக்கொண்டிருந்தால் தொலைக்காட்சி தேவையில்லை. சர்க்கரைக்கும் ரத்த அழுத்தத்துக்கும் உரிய மாத்திரைகள் மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் வீட்டுக்கே வருகின்றன. மருந்துக்கு வழியில்லை என்று ஒருவர் எழுதியிருந்தது சரியல்ல. காற்று திரும்பும் மாலைகளில் ஜவ்வரிசி செய்யும் சேகோ ஆலையின் புளித்த வாடை வரும். அதற்கும் மூக்கு பழகிவிடுகிறது. நான் சேலத்தில் என்ன புடவை எடுத்தேன், என்ன விலை கொடுத்தேன் என்பது நான் வீடு வந்து சேர்வதற்குள் தெருவுக்குத் தெரிந்துவிடுகிறது. இதை ஒரு தொல்லையாகச் சொல்கிறவர்கள் நகரத்தில் நோயில் விழுந்து பார்க்காதவர்கள்.

ஆனால் அந்தத் தெரு என்பது எத்தனை வீடு? எங்கள் தெற்குத்தெருவில் 22 வாசல்கள். மாலையில் கோலமாவு தெரிவது 8 வாசல்களில். பூட்டிய வீடுகளில் ஒன்பதன் சாவிகள் என்னிடம் இருக்கின்றன, பெயர் எழுதிய அட்டையோடு ஆணியில் தொங்குகின்றன. மாதம் ஒருமுறை போய்த் திறக்கிறேன். கரையான் நிலைக்கதவு வரை ஏறியிருக்கிறது. ஓடவிடாத போர் மோட்டார் இறுகிப்போயிருக்கிறது. கழிப்பறையில் தண்ணீர் வற்றி அந்த வழியாகப் பூரான் வந்து கூடத்தில் செத்துக் கிடக்கிறது. ஒரு வீட்டில் வௌவால் எச்சத்தைக் கூட்டி அள்ளவே அரைநாள் போனது. அந்த வீட்டுக்காரர் போன பொங்கலுக்கு அனுப்பிய மடலில், வீடு அப்பா விட்டுப்போன மாதிரியே இருப்பதில் பெருமைப்படுகிறேன் என்று எழுதியிருந்தார்.

இப்போது விஷயத்திற்கு வருகிறேன். நமது ஆரம்ப சுகாதார நிலையத்திற்கு ஒரு செவிலியர் மாற்றலாகி வந்தார். கணவர் லாரி ஓட்டுநர், நான்கு வயதில் ஒரு குழந்தை. ஊரிலேயே தங்க வேண்டும் என்று வீடு தேடினார். அவரை அழைத்துக்கொண்டு நானே சாவிக்கொத்தோடு நடந்தேன். பிறகு அந்த ஒன்பது வீட்டுக்காரர்களுக்கும் தனித்தனியே செய்தி அனுப்பினேன். இரண்டு பேர் பதிலே எழுதவில்லை. மற்றவர்கள் எந்த ஊர், எந்தத் தெரு, வீட்டில் என்ன சமைப்பார்கள் என்று கேட்டார்கள். கேள்வி எதற்கு என்று கேட்பவருக்கும் தெரியும், எனக்கும் தெரியும். கடைசியில் அந்தப் பெண் ஆத்தூரிலேயே வீடு பார்த்துக்கொண்டு, பணி முடிந்ததும் பேருந்து ஏறிவிடுகிறார். வங்கிக்கு வந்த கேரளத்துப் பெண்ணும், மேல்நிலைப் பள்ளிக்கு வந்த வேதியியல் ஆசிரியரும் சேலத்திலிருந்து வந்து போகிறார்கள். பெரியம்மா விழுந்த இடத்திலிருந்து கூப்பிடு தூரத்தில், கனடா அண்ணனுடைய மூன்று அறை வீடு பூட்டிக் கிடந்தது. செவிலியர் முதலில் விரும்பிக் கேட்டது அந்த வீட்டைத்தான்.

ஆகவே என் கருத்து இதுதான்: இல்லம் கட்ட வேண்டாம். பூட்டிய வீடுகளை, இங்கே வேலைக்கு வருகிறவர்களுக்கு வாடகைக்குத் திறந்துவிடுங்கள்.

கணக்கு கேட்கும் துபாய் மாப்பிள்ளைக்கு முதலில் சொல்கிறேன். மாரியம்மன் கோவில் கும்பாபிஷேகக் கணக்கு தைப் பொதுக்குழுவில் வாசிக்கப்பட்டது; மீதித் தொகை வைப்பில் இருக்கிறது; நோட்டு பொருளாளர் வீட்டில் இருக்கிறது; ஊருக்கு வரும்போது தாராளமாகப் புரட்டிப் பாருங்கள். ஆனால் இல்லத்தின் கணக்கை நீங்கள்கூடக் கட்டடத்தோடு நிறுத்திவிட்டீர்கள். கட்டி முடித்த மறுநாள் சமையலாளுக்கும் இரவுக் காவலுக்கும் உதவியாளருக்கும் மாதச் சம்பளம் தொடங்கும். பதிவு வேண்டும், ஆய்வு வரும். மேலும் ஒரு சிக்கல். இந்தியக் கடவுச்சீட்டு வைத்திருப்பவர்கள் வங்கி வழியே அனுப்பும் பணம் அயல்நாட்டு நன்கொடை ஆகாது. வேறு நாட்டுக் குடியுரிமை பெற்றுவிட்டவர்கள் தருவது, அவர்களிடம் ஓ.சி.ஐ. எனும் அயல்நாட்டு இந்தியக் குடியுரிமை அட்டை இருந்தாலும், 2010-ஆம் ஆண்டு அயல்நாட்டு நன்கொடை ஒழுங்குமுறைச் சட்டப்படி அயல்நாட்டு நன்கொடைதான். அதற்கு உள்துறை அமைச்சகத்தில் பதிவு பெற வேண்டும். 2020 திருத்தத்திற்குப் பிறகு புதுதில்லி ஸ்டேட் வங்கியின் முதன்மைக் கிளையில் தனிக் கணக்கும் தொடங்க வேண்டும். கோவில் திருவிழாவுக்கே ரசீது புத்தகம் கடைசி நாளில் அச்சடிக்கும் நமது சங்கத்தால் இது ஆகுமா என்று நீங்களே சொல்லுங்கள்.

வாடகைக்கு விடுவதிலும் சிக்கல் உண்டு, மறைக்கவில்லை. உரிமையாளர் வெளிநாட்டில் வசிப்பவரானால், வாடகை கொடுப்பவர் 30 விழுக்காட்டையும் அதன்மேல் கூடுதல் வரியையும் பிடித்து அரசுக்குக் கட்ட வேண்டும். ஒரு செவிலியரை அந்த அலைச்சலில் இழுத்துவிட முடியாது. ஆகவே முதலில் அம்மா பெயரிலோ ஊரில் வசிக்கும் உடன்பிறந்தார் பெயரிலோ இருக்கும் வீடுகளிலிருந்து தொடங்கலாம். எனக்குத் தெரிந்து அப்படி நான்கு இருக்கின்றன. குடியேறியவர் காலி செய்ய மாட்டார் என்ற பயம் உங்களுக்கு உண்டு. 11 மாத ஒப்பந்தம் எழுதிக் கையெழுத்து வாங்குவதை நான் பார்த்துக்கொள்கிறேன். மாற்றலில் வருகிறவர்கள் மாற்றலில் போகிறவர்களும்தான். தாத்தா பெயரிலேயே பட்டா நிற்கும் வீடுகளைப் பற்றி நான் ஒன்றும் சொல்வதற்கில்லை. மணியக்காரர் வீட்டுக் கதவில் அண்ணன் பூட்டு ஒன்று, தம்பி பூட்டு ஒன்று என்று இரண்டு தொங்குகின்றன. என்னிடம் இருப்பது அண்ணன் சாவி மட்டும். ஆகவே அந்த வீட்டின் வாசலை மட்டும் கூட்டிவிட்டு வருகிறேன். இருவரும் இந்தக் குழுவில் இருக்கிறீர்கள், இதைப் படிப்பீர்கள்.

கனடா அண்ணன் அவர்களுக்குத் தனியாகச் சில வரிகள். பேளூர், ஏத்தாப்பூர், ஆத்தூர், ஆறகளூர், கூகையூர் என்று பஞ்சபூதத் தலங்கள் ஐந்தையும் தாங்கும் வசிட்டநதிக் கரையில் பிறந்தவர்கள் தாய் தந்தையருக்கு முதியோர் இல்லம் கட்டினால் ஊரார் காறித் துப்ப மாட்டார்களா என்று கேட்டிருந்தீர்கள். இல்லம் வேண்டாம் என்பதில் நானும் உங்கள் பக்கம்தான். நதியைப் பற்றி நீங்கள் எழுதிய இரண்டு பத்திகளையும் கண் கலங்கப் படித்தேன். நீங்கள் குதித்து நீந்திய மடுவில் இப்போது சீமைக்கருவேலம் வளர்ந்திருக்கிறது என்பதை மட்டும் சேர்த்துக்கொள்ளுங்கள். ஆனால் அப்பா வாழ்ந்த வீட்டில் கண்டவர்களைக் குடிவைப்பதா என்று கேட்டீர்களே, அதற்குத்தான் என்னால் வாளாவிருக்க முடியவில்லை. உங்கள் அப்பா குளிர்பெட்டியில் இருந்த இரண்டு இரவும், உங்கள் விமானம் வந்து இறங்கும் வரை, தலைமாட்டில் விளக்கு அணையாமல் எண்ணெய் ஊற்றிக்கொண்டு உட்கார்ந்திருந்தவர்கள் பாக்கு உரிக்கும் அந்தக் கண்டவர்கள்தாம். நீங்கள் சேலத்தில் பொறியியல் படிக்கப் போன ஆண்டு யாருடைய தோப்பு ஒத்திக்குப் போனது என்பதை நான் இங்கே எழுதப்போவதில்லை. உங்கள் அப்பா இருந்திருந்தால் அந்தச் செவிலியரின் குழந்தைக்குத் திண்ணையில் பலகை போட்டு அகரம் எழுதப் பழக்கியிருப்பார்; இது உங்களுக்கும் தெரியும்.

சங்கம் பணம் திரட்டியே ஆக வேண்டும் என்றால், இரவில் கூப்பிட்டால் வருவதற்கு ஒரு கார் ஓட்டுநருக்கு மாதாமாதம் ஒரு தொகை கொடுத்து வையுங்கள். இளைய தலைமுறையில் ஊரில் தங்கியிருக்கும் பால் சங்கத்துத் தம்பி சம்மதித்திருக்கிறான். வீட்டில் வண்டியும் இருக்கிறது. முதியவர்கள் வீடுகளின் கழிப்பறையில் கைப்பிடிக் கம்பியும் கொல்லைப்புறத்தில் ஒரு விளக்கும் போட்டுவிடலாம். ஆத்தூரில் ஒரு பிளம்பரிடம் விலை கேட்டு வைத்திருக்கிறேன். இவற்றுக்கெல்லாம் சேர்த்து, நீங்கள் திறப்பு விழா அழைப்பிதழுக்கும் கல்வெட்டுக்கும் ஒதுக்கியிருந்த தொகையே போதும். கல்வெட்டில் பெயர் வராது என்பது உண்மைதான்.

வீட்டைத் திறக்கச் சம்மதமுள்ளவர்கள் மார்கழி பிறப்பதற்குள் எனக்குத் தனி மடல் எழுதுங்கள். வெள்ளையடித்து, மோட்டாரைச் சரிபார்க்க ஒரு மாதமாவது ஆகும். வாடகை எவ்வளவு என்பதை நீங்களே சொல்லுங்கள். சேலம் வாடகை இங்கே கிடைக்காது. பழைய பாத்திரங்களையும் படங்களையும் ஓர் அறையில் வைத்துப் பூட்டிக்கொள்ளலாம். என்ன ஆட்கள் என்ற கேள்வியை மட்டும் என்னிடம் கேட்க வேண்டாம். கேட்டாலும் நான் பதில் சொல்வதாக இல்லை. அந்தச் செவிலியர் ஆத்தூர் வீட்டுக்குக் கொடுத்த முன்பணம் தை வரைதான் என்று சொன்னார்.

இவண்,
தெற்குத்தெரு, நூல்கடை வீடு